“பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், டாக்டர்”

கேள்வி: எனக்கு வயது 71. தபால் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். கடைவாய்ப்பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிச்சமிருந்த முன்பற்களை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவையும் ஆட்டம் கண்டதால் போன ஆடி மாதம் மேலும் கீழும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஐப்பசியில் முழுப் பல்செட் கட்டிக்கொண்டேன். ஏழு மாதம் ஆகிறது. பேச்சில் குறையில்லை. முகமும் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சாப்பாடுதான் தகராறு. முதல் இரண்டு மாதம் பரவாயில்லாமல் இருந்தது. பிறகு கீழ்செட் நாக்கோடு சேர்ந்து மிதக்க ஆரம்பித்தது. முன்பக்கம் கடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. மாசியில் அண்ணன் பேத்தியின் கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக் கடித்தேன். மேல்செட் கழன்று இலையில் விழப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு ஈறாலேயே மென்று சாப்பிடுகிறேன். வெளியே கிளம்பும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறேன். குழைந்த சாதம், இட்லி, பாலில் நனைத்த பிஸ்கட் என்று ஓடுகிறது. கட்டிக்கொடுத்த மருத்துவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்கிறார். மகனோ இம்ப்ளான்ட் வைத்துவிடலாம் என்கிறான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் எனக்குப் பயம். சரியாக மெல்லாமல் விழுங்கினால் வயிற்றுக்குக் கேடா? பல்செட்டால் மெல்லவே முடியாதா? குறை செட்டிலா, என்னிடமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறை கொஞ்சம் செட்டில் இருக்கிறது, கொஞ்சம் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் சரிசெய்யலாம். வாயைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். தேதி, மாதமெல்லாம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். தபால் ஆபீஸ் பழக்கமாக இருக்க வேண்டும். அந்த மாதக் கணக்குதான் எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது.

ஆடியில் பல் எடுத்திருக்கிறார்கள், ஐப்பசியில் செட் கட்டியிருக்கிறார்கள். இடையில் மூன்று மாதம். பல் எடுத்த குழி மேலே ஆறிவிட்டாலும் உள்ளே எலும்பு கரைந்து உருமாறிக்கொண்டே இருக்கும். முதல் ஒரு வருடத்தில் அந்த வேகம் மிக அதிகம். ஐப்பசியில் உங்கள் ஈறு இருந்த வடிவத்துக்கு அச்சு எடுத்துச் செய்த செட் அது. தை, மாசியில் ஈறு உள்வாங்கியிருக்கும். செட் அப்படியே இருக்கும். நடுவில் இடைவெளி விழாமல் என்ன செய்யும்?

“முதல் இரண்டு மாதம் பரவாயில்லை, பிறகு மிதக்க ஆரம்பித்தது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். பழக்கமில்லாததால் வரும் கஷ்டம் ஆரம்பத்தில் கூடுதலாக இருந்து போகப் போகக் குறையும். உங்களுக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. ஆகவே “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்ற பதில் உங்களுக்குப் பொருந்தாது. வாய்க்குச் செட் பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பது உண்மைதான். ஏழாவது மாதத்தில் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பழகுவது வேறு, பொருந்துவது வேறு. பொருந்தாத செருப்பைப் பழகினால் காலில் காய்ப்புதான் மிஞ்சும்.

இது பெரிய பழுதும் இல்லை. பழைய செட்டையே அச்சுத் தட்டாக வைத்து இன்றைய ஈறுக்கு அளவெடுத்து, உட்புறத்தில் செட் செய்கிற அதே அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் புதிதாக ஊற்றிக் கொடுப்போம். இதை ரீலைன் என்கிறோம். புதுச் செட் செய்வதோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. பல் எடுத்த சில மாதங்களிலேயே செட் கட்டிக்கொண்டவர்களில் பலருக்கும் முதல் வருடத்துக்குள் இது தேவைப்படும். கட்டிக் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொல்லாமல் விட்டால், பணம் போனது போனதுதான் என்று மனிதர்கள் செட்டை டம்ளரில் போட்டுவிடுகிறார்கள்.

இனி உங்கள் பக்கத்துக் குறை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து வருடம் கடைவாய்ப்பல் இல்லாமல் முன்பல்லாலேயே மென்றிருக்கிறீர்கள். தாடையை முன்னுக்குத் தள்ளி, உதட்டோரத்தில் வைத்து, முயல் கொறிப்பது போல மெல்லுவது உங்களை அறியாமலேயே பழகிப்போயிருக்கும். இப்போது கடைவாயில் பல் வந்துவிட்டது. ஆனால் தாடைக்கு அது தெரியாது. இட்லியைக்கூட முன்னாலேயே வைத்து மெல்லுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சொந்தப் பல்லில் அது நடந்தது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக எலும்பில் வேரூன்றியிருந்தது. பல்செட்டில் பதினான்கு பல்லும் ஒரே தட்டு. முன்னால் அழுத்தினால் பின்னால் தூக்கும். குழந்தைகள் ஆடும் ஏற்றப் பலகை மாதிரி. பந்தியில் நடந்ததும் அதுதான். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது எச்சிலின் மெல்லிய படலத்தாலும், ஓரத்தில் காற்று புகாமல் மூடியிருப்பதாலும்தான். முன்பல்லால் அப்பளத்தைக் கடித்தவுடன் பின்விளிம்பு இறங்கி, காற்று புகுந்து, பிடி விட்டுப் போய்விட்டது. அப்பளத்தின் மேல் தப்பில்லை. கடித்த இடம்தான் தப்பு.

பல்செட்டால் மெல்லவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எவ்வளவு முடியும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நல்ல கடைவாய்ப்பல் உள்ளவர் முழுப் பலத்தோடு கடித்தால் 50, 60 கிலோ விசை வரும். முழுப் பல்செட் போட்டவருக்குச் சுமார் 10 முதல் 15 கிலோ. நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செட் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அதே அளவுதான். காரணம் தாடைத் தசையில் இல்லை, தாங்கும் இடத்தில் இருக்கிறது.

உங்களுக்குப் புரிகிற கணக்கிலேயே சொல்கிறேன். நம் நாட்டுப் பெரிய அளவு நினைவுத் தபால்தலை ஒன்று சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் இருக்கும் அல்லவா? ஒரு தாடையில் உள்ள இயல்பான பற்களின் வேர்களை எலும்போடு பிணைக்கும் நார்ப்படலத்தை விரித்துப் போட்டால் சுமார் 45 சதுர சென்டிமீட்டர். நாலு தபால்தலை என்று வையுங்கள். மேல்செட் உட்காரும் ஈறும் அண்ணமும் சேர்ந்து சுமார் 23 சதுர சென்டிமீட்டர், இரண்டு தபால்தலை. கீழ்செட்டுக்குக் கிடைப்பது சுமார் 12. ஒரே ஒரு தபால்தலை! அதுவும் வளைத்து ஒட்டிய ஒல்லித் தபால்தலை. நடுவில் நாக்கு, வெளியே கன்னம், இரண்டும் இடித்துக்கொண்டே இருக்கும். மேல்செட் நன்றாக இருந்தும் கீழ்செட்டைத் திட்டாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதிலும் காலம் கீழ்த்தாடைக்கே அதிகம் ஓரவஞ்சனை செய்கிறது. பல்செட் போட்டவர்களுக்கு 25 வருடம் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட கணக்கில், கீழ் எலும்பு மேல் எலும்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைந்திருந்தது. உங்களுக்குக் கடைவாய்ப் பக்கம் பல் போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டதால் அங்கே மேடு தேய்ந்து தட்டையாகியிருக்கலாம். அப்படியானால் ரீலைன் செய்த பிறகும் கீழ்செட் மேல்செட் அளவுக்குக் கெட்டியாக நிற்காது. இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

போன இன்னொன்று உணர்ச்சி. வேரைச் சுற்றியுள்ள அந்த நார்ப்படலம்தான் சோற்றில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட கடித்த கணத்திலேயே காட்டிக்கொடுக்கும். பல் போனதும் அதுவும் போயிற்று. எவ்வளவு அழுத்தினோம், எதைக் கடித்தோம், மென்றது போதுமா என்று சொல்ல இப்போது ஈறும் நாக்கும் கன்னமும்தான் இருக்கின்றன. அவை மெதுவாகக் கற்றுக்கொள்ளும். நீங்கள் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டால் எப்படிக் கற்றுக்கொள்ளும்? கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். சாப்பிடுவதற்காகக் கட்டிய பல்லை வெளியூர் போகும்போது போடும் சட்டை மாதிரி ஆக்கிவிட்டீர்கள்.

என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் பொட்டுக்கடலை இருக்கும். செட் சரியில்லை என்று வருகிறவர்களிடம் அதில் நாலைந்தைக் கொடுத்து, இருபது முறை மென்றுவிட்டு வெள்ளைத் தாளில் துப்பச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் 1950-லேயே வேர்க்கடலையை மெல்லச் சொல்லி, துப்பியதைச் சல்லடையில் சலித்து மெல்லும் திறனை அளந்திருக்கிறார்கள். நான் செய்வது அதன் ஏழை வீட்டுப் பதிப்பு. ஒரு முறை கீரை வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர் வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து செட்டை எடுத்து என் முன்னால் வைத்து, “இது சிரிக்கத்தான் லாயக்கு” என்றார். செட்டைப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னேன். நாலு கடலையையும் இடப்பக்கமே ஒதுக்கினார். வலப்பக்கம் தட்டு தூக்கித் தூக்கி விழுந்தது. அவர் நாக்கு அதைப் பிடித்துப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது. மெல்லுவதை விட்டுவிட்டுக் காவல் வேலை பார்த்தது நாக்கு. தாளில் விழுந்தது உடைத்த பருப்பு மாதிரி பாதிப் பாதியாகக் கிடந்தது. அடுத்து, வலத்தில் இரண்டு, இடத்தில் இரண்டு, நேராக மேலும் கீழும் மட்டும் மெல்லுங்கள் என்றேன். பத்துப் பதினைந்து கடிக்குள் தட்டு அசையாமல் நின்றது. தாளில் இந்தத் தடவை கொரகொரவென்று ரவை. அவரே குனிந்து பார்த்துவிட்டு, “இதா விஷயம்?” என்றார். ஈறில் ஒரு புண் இருந்தது, செட்டில் அதற்கு நேரான இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுத்தேன். புதுச் செட் கேட்கவில்லை.

உங்களுக்கும் அதே பாடம்தான். ரீலைன் முடிந்தபின் ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பேசிக்கொண்டே சாப்பிட வேண்டாம். இட்லித் துண்டைக் கடைவாயில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரு பக்கமும் அழுத்தம் விழுந்தால் தட்டு ஏறி இறங்காது. தாடையை அரைப்பது போலச் சுற்றாமல், அம்மியில் அல்ல, உலக்கையில் இடிப்பது போல நேராக இறக்குங்கள். நாக்கு நுனி கீழ்ப் பல்வரிசையின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டு முன்னாலேயே இருக்கட்டும். பயத்தில் நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் கீழ்செட்டின் அடியில் காற்று புகுந்து மிதக்கும். “நாக்கோடு சேர்ந்து மிதக்கிறது” என்று நீங்கள் எழுதியதில் இதற்கும் பங்கு இருக்கும். இட்லி கைவந்தபின் வேகவைத்த காய், பிறகு சப்பாத்தி, பிறகு கறி. மென்று முடிக்கச் சொந்தப் பல் காலத்தைவிட நேரம் கூடத்தான் ஆகும். பந்தியில் பாயசம் வந்துவிட்டதே என்று அவசரப்பட வேண்டியதில்லை, பரிமாறுகிறவர்கள் காத்திருப்பார்கள்.

மெல்லும் வேலையில் பாதியைச் சமையற்கட்டே செய்துவிடலாம். பல் போன பாட்டிமார்கள் வெற்றிலை பாக்கைச் சின்ன இரும்பு உரலில் இடித்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள். யோசனை அருமையானது. அதில் இடித்த பொருள்தான் சரியில்லை. பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப் புற்றுநோய்க்கு வழிவிடும் பொருள். பாக்கை விட்டுவிட்டு உரலை வைத்துக்கொள்ளுங்கள்.

கீரையை எடுத்துக்கொள்வோம். மென்மையான பண்டம்தானே என்று தோன்றும். பல்செட்டுக்கு அதுதான் வில்லங்கம். மெல்லிய இலையை நறுக்கக் கூர்மையான விளிம்பு வேண்டும். அக்ரிலிக் பல் அதை நசுக்குமே தவிர வெட்டாது. இலை அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சமைப்பதற்கு முன்பே பொடியாக நறுக்க வேண்டும், அல்லது மத்தால் கடைந்துவிட வேண்டும். பச்சை வெங்காயமும் வெள்ளரியும் துருவினால் தயிர்ப்பச்சடியாக உள்ளே போகும். ஆட்டுக்கறியில் நாருக்குக் குறுக்கே சிறிதாக வெட்டச் சொல்லுங்கள். கொத்துக்கறி இன்னும் உத்தமம். முருங்கைக்காயை முன்பல்லால் பிடித்து இழுக்கும் சுகத்தை மறந்துவிட வேண்டியதுதான். இழுக்கிற இழுப்பில் செட் கூடவே வரும். கரண்டியால் சதையை வழித்துப் போட்டால் குழம்பின் ருசி எங்கும் போய்விடாது. கமர்கட், பிசுபிசுப்பான அல்வா இரண்டும் கீழ்செட்டைப் பிடுங்கும். கொய்யா விதையும் எள்ளும் தட்டுக்கடியில் புகுந்துகொண்டால் முள்ளின் மேல் நடப்பது போல இருக்கும். அப்போது அழுத்தி மென்று சமாளிக்காமல், கை கழுவும் இடத்துக்குப் போய்க் கழற்றி அலசிவிட்டு வாருங்கள். அதில் வெட்கமில்லை. கொய்யாவை விதை எடுத்தும், ஆப்பிளைத் தோல் சீவி மெல்லிய கீற்றாக்கியும் சாப்பிடலாம்.

மீனில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மேல்செட் அண்ணத்தை மூடிவிடுவதால் முள் வாயில் இருப்பதே தெரியாமல் தொண்டைக்குப் போய்விடும். பல்செட் போட்டவர்கள் மீன் முள்ளையும் எலும்புத் துண்டையும் விழுங்கிவிட்டு வருவது மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி. நாக்கை நம்பாமல், சதையை விரலால் தடவி முள் இல்லை என்று பார்த்தபின் வாயில் போடுங்கள். காபியும் அப்படித்தான், அண்ணத்துக்குச் சூடு உறைக்காது, தொண்டை சுட்டபிறகுதான் தெரியும்.

வயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்று சொல்லிச் சொல்லி நமக்கு இதில் ஒரு பயம் உண்டு. பிரிட்டனில் ஃபாரல் என்பவர் 1956-இல் ஒரு விசித்திரமான சோதனையை வெளியிட்டார். மென்ற உணவையும் மெல்லாத உணவையும் சின்னச் சின்னத் துணிப் பைகளில் கட்டி விழுங்கவைத்து, மறுபக்கம் வெளியே வந்த பைகளில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். சோறு, ரொட்டி, மீன், முட்டை போன்றவை மென்றாலும் மெல்லாவிட்டாலும் செரித்திருந்தன. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பட்டாணி, காய்கறி வகைகளை மெல்லாமல் விழுங்கியபோது மிச்சம் இருந்தது. கொஞ்சம் மென்றாலே போதுமானதாக இருந்தது. ஆகவே உங்கள் குழைந்த சாதத்தால் குடலுக்குக் கேடு வந்துவிடாது. எனக்குள்ள கவலை வேறு. மெல்லாத கறித் துண்டையும் பணியாரத் துண்டையும் அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அது நிமிடக் கணக்கில் உயிர் போகிற விஷயம்.

அடுத்த கவலை உங்கள் சர்க்கரை. குழைந்த சாதம், இட்லி, பாலில் நனைத்த பிஸ்கட்: உங்கள் பட்டியலில் இருப்பது எல்லாமே மாவுச்சத்து. பல் போனவர்கள் முதலில் கைவிடுவது காய், பழம், பயறு, கறி ஆகியவற்றைத்தான். எது மெல்லக் கஷ்டமோ அதில்தான் நாரும் புரதமும் இருக்கின்றன. மெல்ல எளிதானதெல்லாம் சர்க்கரையை ஏற்றுவதாக அமைந்துவிட்டது. அவித்த முட்டை, பருப்பு, மோர், மீன், விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்த சுண்டல் ஆகியவற்றுக்குப் பல்லே அதிகம் வேண்டியதில்லை. ரீலைன் ஆகும்வரை காத்திராமல் இன்றிரவே பிஸ்கட்டை நிறுத்திவிட்டு இவற்றில் ஒன்றைச் சேருங்கள். இப்போதைய சர்க்கரை அளவை உங்கள் பொது மருத்துவரிடமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள், முக்கியமாகச் சிறுநீரைக் கூட்டுபவை, வாயை வறட்டும். சர்க்கரை ஏறினாலும் வாய் வறளும். எச்சில் இல்லாவிட்டால் மேல்செட்டுக்குப் பிடிப்பு இல்லை, உணவு உருளையாகத் திரளுவதும் இல்லை, ஈறு உராய்ந்து புண்ணாகும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையை எழுதிக் கொடுத்தவரிடம், வாய் வறள்கிறது என்று சொன்னால் மாற்ற வழியிருக்கலாம். சாப்பிட உட்காருமுன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, செட்டை நனைத்துப் போடுங்கள்.

இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் வைப்பது அவசியம். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மேல்செட்டுக்கு அடியில் பூஞ்சை சுலபமாகப் படரும். அண்ணம் செக்கச் செவேலென்று இருக்கும், பல சமயம் வலிகூட இருக்காது. செட்டைச் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள். பற்பொடியும் சாம்பலும் கீறல் போடும், வெந்நீர் வளைத்துவிடும். வாளியிலோ பேசினிலோ பாதி தண்ணீர் வைத்து அதன் மேல் பிடித்துக் கழுவினால், கை நழுவினாலும் உடையாது.

மகன் சொன்ன இம்ப்ளான்ட். பிள்ளை அக்கறையில் சொல்கிறார், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகுதான் இம்ப்ளான்ட். ஸ்வீடனில் பிரோனிமார்க் 1965-இல் தன் முதல் நோயாளிக்கு அதைப் பதித்ததும் கீழ்த்தாடையில்தான். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட்டைவிட, இரண்டு இம்ப்ளான்ட்டில் பொத்தான் போலப் பூட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான். கடைவாய்ப் பக்கம் எலும்பு எவ்வளவு கரைந்தாலும் முகவாய்க்கு மேலே முன்பக்கத்தில் பெரும்பாலும் போதுமான எலும்பு மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டே இரண்டு வைத்தால் மிதப்பது நின்றுவிடும். கடிக்கும் பலமும் கூடும். வாய் நிறைய நிலையான பல் என்று யாராவது எட்டு, பத்து இம்ப்ளான்ட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து நிதானமாக யோசியுங்கள். சர்க்கரை இருப்பது தடையில்லை, கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் தேதி கொடுப்போம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அது பிறகு. முதலில் ரீலைன், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்த்தல், ஒன்றிரண்டு மாதம் மெல்லும் பயிற்சி. அதற்குப் பிறகும் கீழ்செட் அடங்கவில்லை என்றால் தயங்காமல் இரண்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய செட்டிலேயே பொத்தானைப் பொருத்திவிட முடியுமா என்றும் கேளுங்கள், பல சமயம் முடியும்.

இடைப்பட்ட நாளில் கடையில் கிடைக்கும் ஒட்டும் பசையைப் பட்டாணியளவு வைத்துக்கொள்ளலாம். துத்தநாகம் கலந்த பசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அளவுக்கு மீறி மாதக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு நரம்புக் கோளாறு வந்திருக்கிறது. குழாய் குழாயாகத் தீர்கிறது என்றால் தட்டு பொருந்தவில்லை என்று அர்த்தம். செட்டில் புண்ணை உண்டாக்கும் இடத்தை உப்புத்தாளாலும் நகம் தேய்க்கும் அரத்தாலும் வீட்டிலேயே ராவிக்கொண்டு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். எங்கே அழுத்துகிறது என்பது, அதைக் காட்டுவதற்கென்றே நாங்கள் வைத்திருக்கும் வேறொரு பசையைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தை ராவினால் பெரும்பாலும் தவறான இடத்தைத்தான் ராவுவோம்.

இந்த வாரமே போய்விடுங்கள், கட்டிய மருத்துவரிடமே. போவதற்கு முந்திய நாள் முழுக்க, இரவு தூக்கம் போக, சாப்பிடும்போதும் செட்டைப் போட்டிருங்கள். அப்போதுதான் அழுத்தும் இடம் ஈறில் சிவந்து எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். டம்ளரிலிருந்து எடுத்து வந்த செட்டைப் பார்த்து எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. முன்பக்கம் கடித்தால் பின்பக்கம் தூக்குவதைச் செய்து காட்டுங்கள். முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகுதான் கெட்டது என்பதை, எனக்கு எழுதியதுபோல மாதத்தோடு சொல்லுங்கள். “பழகிவிடும்” என்ற பதில் மூன்றாவது முறையும் வந்தால், செயற்கைப் பல் கட்டுவதையே மேற்படிப்பாகப் படித்த நிபுணர் ஒருவரைப் பாருங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

பையில் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.